கொள்ளிச் சட்டி யார் கையில்?

ஒரு வீட்டில் சாவு விழுகிறது. அழுகைச் சத்தம் கேட்டு ஊர் கூடுகிறது. பந்தல் போடுகிறார்கள். பாடை கட்டுகிறார்கள். உறவுக்காரர்களுக்குச் சேதி போகிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு கேள்வி எழும்பும்.

கொள்ளி வைப்பது யார்?

மகன் இருந்தால் பேச்சே இல்லை. மகன் இல்லை என்றால் அண்ணன் மகன் வருவான். தம்பி மகன் வருவான். பங்காளிகள் கூடிப் பேசுவார்கள். சில வீடுகளில் அங்கேயே சண்டையும் வந்துவிடும். கொள்ளி வைப்பவனுக்குத்தான் சொத்து என்று ஒரு பேச்சு இருக்கிறது அல்லவா? சண்டைக்குக் காரணம் அதுதான். செத்தவர் ஒரு பக்கம் கிடப்பார். அழுகை ஒரு பக்கம் நடக்கும். கணக்கு ஒரு பக்கம் நடக்கும்.

சரி, அந்த வீட்டில் இருப்பது வளர்ப்பு மகன் என்றால் என்ன செய்வது?

இந்தக் கேள்வி 1890ஆம் ஆண்டில் புனே நகரத்தில் எழுந்தது. புனே மகாராஷ்டிர மாநிலத்தில் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கத்தில் பேட்டை என்று சொல்கிறோமே, அதைப் போல அங்கே 'பேட்' என்பார்கள். கஞ்ச் பேட் என்பது புனேயில் ஒரு பேட்டை. அங்கே இருந்த ஒரு வீட்டில் 1890 நவம்பர் 28ஆம் தேதி ஒரு பெரியவர் இறந்துபோனார். அவர் பெயர் ஜோதிராவ் பூலே.

இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பூ விற்கும் குடும்பத்தில் பிறந்தவர். அதனால்தான் பூலே என்ற பெயர் வந்தது. 1848ஆம் ஆண்டில் புனேயில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவர். அவர் மனைவி சாவித்திரிபாய் அந்தப் பள்ளியின் ஆசிரியை. கல்யாணம் ஆனபோது சாவித்திரிபாய்க்கு வயது 9. எழுதப் படிக்கத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகுதான் படித்தார். கணவரே சொல்லிக் கொடுத்தார். அவர் பாடம் நடத்தப் போகும்போது தெருவில் நின்று சாணியையும் சேற்றையும் வீசினார்கள். மாற்றிக் கட்ட இன்னொரு சேலையையும் கையோடு கொண்டுபோனார் அவர். இந்தக் கதையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

நாம் இன்று பார்க்கப்போவது வேறு கதை. அந்த வீட்டுப் பிள்ளையின் கதை. அவன் பெயர் யஷ்வந்த். ஜோதிராவ் இறந்தபோது அவனுக்குப் பதினாறு வயது இருக்கும்.

அப்பா இறந்துவிட்டார். பிள்ளை அழுதுகொண்டு நிற்கிறான். மகாராஷ்டிரத்தில் பிணத்துக்கு முன்னால் ஒரு மண் சட்டியில் நெருப்பை எடுத்துக்கொண்டு போவார்கள். நாம் கொள்ளிச் சட்டி என்கிறோம். அதை எடுக்க வேண்டியது மகன்தான். யஷ்வந்த் எடுக்கப் போகிறான். அப்போது உறவுக்காரர்கள் குறுக்கே வந்தார்கள். இவன் இரத்த உறவு இல்லை, தத்துப் பிள்ளை, இவன் எடுக்கக் கூடாது என்று தகராறு செய்தார்கள்.

அந்தப் பையனின் மனம் எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். அப்பாவைப் பறிகொடுத்த அதே நாளில், அவர் உனக்கு அப்பாவே இல்லை என்கிறார்கள்.

யஷ்வந்த் யார்?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அந்தக் காலத்தில் சின்னஞ்சிறு வயதில் பெண்களுக்குக் கல்யாணம் செய்துவிடுவார்கள். வயதான ஆணுக்கும் கட்டி வைப்பார்கள். கணவன் இறந்தால் பத்து வயதுப் பெண்ணும் விதவைதான். பிராமணக் குடும்பங்களில் விதவைக்குத் தலையை மழித்துவிடுவார்கள். மறுமணம் கிடையாது. வீட்டின் ஒரு மூலையில் வேலை செய்துகொண்டு கிடக்க வேண்டும். அந்தப் பெண்ணை யாராவது ஏமாற்றிக் கெடுத்துவிடுவான். அவள் கர்ப்பமாவாள். கெடுத்தவன் போய்விடுவான். பழி முழுவதும் அவள் தலையில் விழும்.

புனேயில் அப்படி ஒரு பெண். சமையல் வேலை செய்து பிழைத்தவர். ஒருவன் அவரை ஏமாற்றிவிட்டான். குழந்தை பிறந்தது. ஊருக்குப் பயந்து அந்தக் குழந்தையை அவர் கொன்றுவிட்டார். வழக்கு நடந்தது. அந்தமான் தீவுக்கு அனுப்பும்படி தண்டனை கொடுத்தார்கள். ஏமாற்றியவனுக்கு ஒன்றும் இல்லை. இந்த வழக்கைப் பற்றி ஜோதிராவே எழுதி வைத்திருக்கிறார்.

ஜோதிராவும் சாவித்திரிபாயும் என்ன செய்தார்கள் தெரியுமா? 1863ஆம் ஆண்டில் தங்கள் வீட்டிலேயே ஓர் இல்லம் தொடங்கினார்கள். சிசுக் கொலையைத் தடுக்கும் இல்லம். ஊரில் பல இடங்களில் அறிவிப்பு ஒட்டினார்கள். கர்ப்பமான விதவைகள் இங்கே வரலாம், இரகசியமாகவும் பத்திரமாகவும் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம், குழந்தையைக் கூட எடுத்துப் போகலாம், விருப்பம் இல்லையென்றால் விட்டுவிட்டுப் போகலாம், நாங்கள் வளர்க்கிறோம் என்பதுதான் அந்த அறிவிப்பின் பொருள்.

எத்தனை பேர் வந்தார்கள்? 1884ஆம் ஆண்டில் ஜோதிராவ் கணக்குச் சொல்கிறார். அதுவரை 35 விதவைகள் வந்து பிள்ளை பெற்றார்கள். அதில் 5 குழந்தைகளே உயிரோடு இருந்தன. 30 குழந்தைகள் இறந்துவிட்டன. ஏன்? கர்ப்பத்தை மறைக்க அந்தத் தாய்மார்கள் கண்ட மருந்தையும் தின்றிருந்தார்கள். அது வயிற்றில் இருந்த பிள்ளையைக் கெடுத்துவிட்டது என்று எழுதுகிறார். இந்தக் கணக்கைப் படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. அந்த வீட்டுத் திண்ணையில் எத்தனை சிறிய உடல்களைத் துணியில் சுற்றியிருப்பார்கள்! சாவித்திரிபாய்க்குச் சொந்தக் குழந்தை பிறக்கவில்லை. ஆனால் முப்பது குழந்தைகளின் சாவைப் பார்த்த வீடு அது.

அந்த இல்லத்துக்கு 1874ஆம் ஆண்டு வாக்கில் ஓர் இளம் பிராமண விதவை வந்தார். அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. ஜோதிராவும் சாவித்திரிபாயும் அவனைத் தத்து எடுத்தார்கள். யஷ்வந்த் என்று பெயர் வைத்தார்கள்.

பூ விற்கும் மாலி சாதிக்காரர் வீட்டில் ஒரு பிராமணப் பெண்ணின் பிள்ளை வளர்ந்தான். அந்தக் காலத்தில் இதை யாரும் எளிதில் ஏற்கவில்லை. ஒரு பக்கத்தார் முகம் சுளித்தார்கள். மறு பக்கத்தாரும் சுளித்தார்கள். பையன் வளர்ந்த பிறகு பெண் கிடைப்பதே பெரிய பாடாகிவிட்டது. விதவைக்குப் பிறந்தவன் என்று தயங்கினார்கள். கடைசியில் ஹடப்சர் என்ற ஊரைச் சேர்ந்த ஞானோபா சசாணே தன் மகளைக் கொடுத்தார். 1889ஆம் ஆண்டு கல்யாணம் நடந்தது. புரோகிதர் இல்லாத கல்யாணம். ஜோதிராவ் 1873ஆம் ஆண்டில் தொடங்கிய சத்தியசோதக சமாஜத்தின் முறைப்படி நடந்தது.

தாய் இல்லாத பிள்ளை

ஜோதிராவ் இன்னொருவர் பெற்ற குழந்தையைத் தன் பிள்ளையாக எப்படி ஏற்றுக்கொண்டார்? அவருடைய சொந்தக் கதையைக் கேட்டால் கொஞ்சம் புரியும்.

ஜோதிராவ் 1827ஆம் ஆண்டில் பிறந்தார். அவர் தாயின் பெயர் சிம்ணாபாய். குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் தாய் இறந்துவிட்டார். அப்பா கோவிந்தராவுக்குப் பூக்கடையும் தோட்ட வேலையும் இருந்தன. கைக்குழந்தையை அவர் எப்படிப் பார்ப்பார்? அப்போது சகுணாபாய் என்ற உறவுக்காரப் பெண் வந்தார். சிம்ணாபாய்க்குச் சொந்தம். ஜோதிராவுக்கு அக்காள் முறை. அவரும் சிறு வயதிலேயே கணவனை இழந்தவர். ஓர் ஆங்கிலேயப் பாதிரியார் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். அவர்தான் ஜோதிராவை வளர்த்தார்.

பாதிரியார் வீட்டில் வேலை செய்ததால் சகுணாபாய்க்குக் கொஞ்சம் ஆங்கிலம் காதில் விழுந்திருந்தது. படிப்பின் அருமையும் தெரிந்திருந்தது. பின்னாளில் ஜோதிராவ் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தபோது சாவித்திரிபாயோடு சகுணாபாயும் உட்கார்ந்து படித்தார். வளர்த்தவர் மாணவியாகவும், வளர்ந்த பிள்ளை ஆசிரியராகவும் ஆனார்கள். நம் கற்போர் மையத்திலும் மகள் சொல்லிக் கொடுக்க, அம்மா எழுதுவது உண்டு. அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, ஜோதிராவ் தாயின் முகம் தெரியாமல் வளர்ந்தவர். பெறாத ஒருத்தியின் கையில் வளர்ந்தவர்.

உயில்

ஜோதிராவுக்கு ஊரைத் தெரியும். உறவுக்காரர்களையும் தெரியும். தான் போன பிறகு யஷ்வந்துக்குத் தொல்லை வரும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். 1887ஆம் ஆண்டில் உயில் எழுதினார். யஷ்வந்தைத் தன் வாரிசாக அதில் குறித்தார். எழுத்தின் அருமை தெரிந்தவர் அல்லவா? வாயால் சொன்னதை நாலு பேர் மறுக்கலாம். எழுதிப் பதிந்ததை மறுப்பது கடினம்.

ஆனால் அந்த உயிலில் இன்னொரு செய்தியும் இருந்தது. பையன் ஒழுங்காக நடக்காவிட்டால் தகுதியுள்ள வேறொரு பிள்ளையை வாரிசாக எடுத்துக்கொள்ளலாம் என்பதுபோல அதில் எழுதியிருந்தார். கொஞ்சம் கடுமைதான். எனக்கு முதலில் இது பிடிக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். சொந்தப் பிள்ளையைக் கண்டிக்கிற அப்பா எப்படிப் பேசுவாரோ, அப்படித்தான் இருக்கிறது அது.

1888ஆம் ஆண்டில் மும்பையில் பெரிய கூட்டம் கூடி அவருக்கு 'மகாத்மா' என்று பட்டம் கொடுத்தது. அதே ஆண்டில் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. அவர் விடவில்லை. இடது கையால் எழுதப் பழகி ஒரு புத்தகத்தை எழுதி முடித்தார். அறுபது வயதுக்கு மேல் இடது கையால் எழுதக் கற்ற மனிதர்! நமக்கு 'அ' எழுதவே கை நடுங்கியது நினைவு இருக்கிறதா? அந்தப் புத்தகம் அவர் இறந்த மறு ஆண்டு, 1891இல் வெளிவந்தது. வெளியிட்டவர் யஷ்வந்த்.

சாவித்திரிபாய் முன்னால் வந்தார்

இப்போது அந்த நவம்பர் நாளுக்குத் திரும்புவோம்.

தன்னை எரிக்க வேண்டாம், உப்புப் போட்டுப் புதைக்க வேண்டும் என்று ஜோதிராவ் எழுதி வைத்திருந்தார். குடியிருப்புப் பகுதியில் புதைக்க நகராட்சி அனுமதி தரவில்லை. வேறு வழி இல்லாமல் எரிக்க முடிவு செய்தார்கள். அப்போதுதான் கொள்ளிச் சட்டித் தகராறு வந்தது.

அந்த நேரத்தில் சாவித்திரிபாய் என்ன செய்தார்? அவருக்கு வயது 59. ஐம்பது ஆண்டுகள் கூட வாழ்ந்த கணவரை இழந்திருக்கிறார். நம் ஊர்களில் இப்போதும் பல இடங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவது இல்லை. தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள். 1890இல் கேட்கவே வேண்டாம்.

சாவித்திரிபாய் முன்னால் வந்தார். கொள்ளிச் சட்டியைத் தன் கையில் எடுத்தார். ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தார். கணவரின் சிதைக்குத் தானே தீ வைத்தார்.

மகன் எடுக்கக் கூடாது என்றால் பங்காளியும் எடுக்க வேண்டாம், நான் எடுக்கிறேன் என்பதுபோல இருந்தது அது. யஷ்வந்தின் இடத்தை அவர் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பையன் அம்மாவுக்குப் பின்னால் நடந்தான். அவனைப் பெற்றவள் இந்த அம்மா இல்லை. ஆனாலும் அன்று அந்தத் தெருவில் அவனுக்காக நடந்தவர் இந்த அம்மாதான்.

ஜோதிராவின் அஸ்தியைக் கொண்டுவந்து தங்கள் வீட்டு முற்றத்தில் வைத்தார்கள். அந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. புனேக்கு வேலைக்குப் போகிற தமிழர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது அங்கே இருந்தால் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அந்தப் பேட்டையின் பெயரையும் இப்போது மகாத்மா பூலே பேட் என்று மாற்றியிருக்கிறார்கள்.

டாக்டர் யஷ்வந்த்

பிறகு யஷ்வந்த் மருத்துவம் படித்தார். ராணுவத்தில் மருத்துவராக வேலை பார்த்தார்.

1896ஆம் ஆண்டில் மும்பையில் பிளேக் நோய் வந்தது. 1897இல் புனேயிலும் பரவியது. எலி செத்து விழும். பிறகு மனிதருக்குக் காய்ச்சல் வரும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டும். சில நாளில் உயிர் போய்விடும். எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி கடித்துத்தான் இந்த நோய் பரவுகிறது என்று அப்போது தெரியாது. அது 1898இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. அன்று இல்லை.

சாவித்திரிபாய் யஷ்வந்தை வரவழைத்தார். ஊருக்கு வெளியே ஹடப்சர் பக்கத்தில், சசாணே குடும்பத்துத் தோட்டத்தில், அம்மாவும் பிள்ளையும் ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள். மகன் வைத்தியம் பார்த்தார். அம்மா நோயாளிகளைத் தேடிக் கொண்டுவந்தார். முண்டவா என்ற ஊரில் சேரியில் ஒரு சிறுவன் நோயில் கிடந்தான்.  வயது பத்து. 66 வயதுக் கிழவி அவனை முதுகில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். பையன் பிழைத்துவிட்டான். சாவித்திரிபாய்க்கு நோய் ஒட்டிக்கொண்டது. 1897 மார்ச் 10ஆம் தேதி இரவு அவர் இறந்துபோனார்.

யஷ்வந்த் அம்மாவையும் இழந்தார். எந்த மகனைத் தன் பிள்ளை இல்லை என்று ஊர் சொன்னதோ, அந்த மகன்தான் கடைசி நாளில் அவருக்கு மருத்துவராக இருந்தார்.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

யஷ்வந்துக்கு நேர்ந்தது இன்று ஒரு பிள்ளைக்கு நேர்ந்தால் என்ன ஆகும்? இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

1956ஆம் ஆண்டில் இந்து தத்தெடுப்புச் சட்டம் வந்தது. முறைப்படி தத்து எடுத்த பிள்ளை, பெற்ற பிள்ளைக்குச் சமம். பெயர், சொத்து, வாரிசு உரிமை எல்லாம் அதே அளவு உண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி எந்த மதத்தினரும் தத்து எடுக்கலாம். கணவன் இல்லாத பெண்ணும் எடுக்கலாம். கொள்ளி வைத்தவனுக்குத்தான் சொத்து என்பது வெறும் பேச்சு. கொள்ளி வைத்ததால் சொத்து வராது. வைக்காததால் போகவும் போகாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'முறைப்படி' என்று சொன்னோமே, அதுதான் முக்கியம். ஆஸ்பத்திரியில் ஆயாவிடம் பணம் கொடுத்துக் குழந்தை வாங்குவது குற்றம். தரகர் மூலம் வாங்குவதும் குற்றம். அப்படி வாங்கிய பிள்ளையைப் பின்னால் நம்மிடமிருந்து பிரித்தும் விடுவார்கள். தத்து எடுக்க விரும்புகிறவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்க வேண்டும். 2022ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் இந்தச் சட்டத்தின்படி தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே கொடுக்கிறார். முன்பு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

குழந்தையை வளர்க்க முடியாத தாய் என்ன செய்வது? 1863இல் பூலே வீட்டார் ஒட்டிய அறிவிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நம் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டில் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பெண் சிசுவைக் கொல்ல வேண்டாம், தொட்டிலில் போட்டுவிடுங்கள் என்றார்கள். இப்போது தாய் நேராகக் குழந்தைகள் நலக் குழுவிடமும் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் 60 நாளுக்குள் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஆதரவு இல்லாத குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு இல்லை. இரவிலும் எடுப்பார்கள். இந்த எண்ணை உங்கள் நோட்டில் பெரிதாக எழுதி வையுங்கள்.

எழுதிப் பழகுவோம்

உங்கள் தெருவில் தாய் தகப்பனை இழந்த பிள்ளை யாராவது இருக்கிறதா? அதை வளர்ப்பது யார்? பாட்டியா, பெரியம்மாவா, பக்கத்து வீட்டு அக்காவா? அவர் எப்படி அந்த வீட்டுக்குள் வந்தார் என்று மையத்தில் சொல்லுங்கள். சொன்னதை ஐந்து வரியில் எழுதுங்கள். முதல் வரியில் அவர் பெயரை எழுதுங்கள்.